பங்குச் சந்தையில் 'அன்டூ' பட்டன் உண்டா?

வேர்டில் ஒரு வரியைத் தவறாக டைப் செய்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு இசட் கீயைத் தட்டுவீர்கள். தவறு மறைந்து விடும். ஒரு பைலைத் தெரியாமல் அழித்து விட்டால் ரீசைக்கிள் பின்னுக்குப் போய் மீட்டு விடுவீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே இந்தத் தைரியம் வந்துவிடும். "தப்பா அழுத்தினா என்ன, திரும்ப எடுத்துக்கலாம்" என்ற தைரியம்.

வீட்டுக் கணக்கு எழுதுவதற்கும் படம் வரைவதற்கும் இந்தத் தைரியம் நல்லது. ஆனால் அதே கம்ப்யூட்டரில், அதே மவுஸைக் கொண்டு பங்கு வாங்கி விற்க ஆரம்பிக்கும்போது இது ஆபத்தில் கொண்டு போய் விட்டுவிடும். அங்கேயும் 'கேன்சல்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. 'மாடிஃபை' என்று இன்னொன்று இருக்கிறது. ஆனால் அவை செய்யும் வேலையே வேறு. அது என்ன வேலை, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நான் ஆரணிக்காரன். பொறியியல் படித்து முடித்து, சென்னையில் பங்கு வர்த்தகத்துக்கான சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருக்கிறேன். பங்குத் தரகரின் கம்ப்யூட்டரும் மற்ற கம்ப்யூட்டர்களும் பேசிக் கொள்ளும் செய்திகளைப் படித்துப் பிரிக்கும் புரோகிராம்களை எழுதுவது என் அன்றாட வேலை. எனவே, ஊருக்குப் போனால் பங்கு பற்றிய கேள்விகள் என்னிடம்தான் வரும். எந்தப் பங்கு ஏறும் என்று கேட்பவர்களிடம் எனக்குத் தெரியாது என்று சொல்லி விடுவேன். ஆனால் என் மாமா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

மாமா நான்கு தறி வைத்துப் பட்டுச்சேலை நெய்து கொடுப்பவர். மகனுக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் தானும் பழகி, டீமேட் கணக்கு திறந்து, சிறுகச் சிறுகப் பங்கு வாங்கி வந்தார். ஒரு நாள் காலையில், ஒரு கம்பெனியின் 200 பங்குகளை 310 ரூபாய் விலையில் வாங்க ஆர்டர் போட்டார். மொத்தம் 62,000 ரூபாய். கொஞ்ச நேரத்தில் பாவுக்குப் பட்டு நூல் வந்திருப்பதாகப் போன் வந்தது. பணம் அதற்கு வேண்டும். உடனே கேன்சல் பட்டனைக் கிளிக் செய்தார். திரையில் 'கேன்சல் கோரிக்கை அனுப்பப்பட்டது' என்று வந்தது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து விட்டு நூல்காரருக்கு வாக்குக் கொடுத்து விட்டார்.

மாலையில் பார்த்தால் 140 பங்குகள் வாங்கியதாகக் குறுஞ்செய்தி! அதாவது 43,400 ரூபாய் போய்விட்டது. மிச்சம் 18,600 ரூபாய்தான். "ஏம்பா, நான்தான் கேன்சல் பண்ணிட்டேனே, அப்புறம் எப்படி வாங்குவான்? இது மோசடி இல்லையா?" என்று போனிலேயே குரல் உயர்ந்தது.

மோசடி இல்லை. விளக்கத்தைக் கேளுங்கள்.

உங்கள் ஆர்டர் ஒரு கடிதம்

'வாங்கு' என்று கிளிக் செய்தவுடன் உங்கள் கம்ப்யூட்டர் எதையும் வாங்கி விடுவதில்லை. ஒரு செய்தியைத் தரகரின் சர்வருக்கு அனுப்புகிறது. அந்த சர்வர் உங்கள் கணக்கில் பணம் இருக்கிறதா என்று சோதித்து, பங்குச் சந்தையின் கம்ப்யூட்டருக்கு வேறொரு செய்தியை அனுப்புகிறது. சந்தையின் கம்ப்யூட்டர் அதற்கு எண் கொடுத்து வரிசையில் வைக்கிறது. நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம். விலை ஒன்றாக இருந்தால் முந்தி வந்தவருக்கு முதலிடம். எதிர்ப்பக்கத்தில் பொருத்தமான ஆள் கிடைத்ததும் வியாபாரம் முடிகிறது. அந்தத் தகவல் வந்த வழியே திரும்பி உங்கள் திரைக்கு வருகிறது.

நம் நாட்டில் தேசியப் பங்குச் சந்தை 1994-ல் திரை வழி பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியது. சாட்டிலைட் டிஷ் வழியாக நாடெங்கும் உள்ள தரகர்களின் டெர்மினல்கள் இணைக்கப்பட்டன. அதற்கு முன்பு பெரிய மண்டபத்தில் கூடி நின்று கத்தியும் கையசைத்தும் வியாபாரம் நடந்தது. கத்திச் சொன்னதை மறுப்பதும் திருத்துவதும் ஆட்களுக்கு இடையே நடந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கும் ஒரு செய்தி தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட செய்திகளுக்கு உலகம் முழுவதும் பயன்படும் ஒரு பொது இலக்கணம் உண்டு. அதன் பெயர் 'ஃபிக்ஸ்' புரோட்டோகால். அமெரிக்காவில் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனமும் சாலமன் பிரதர்ஸ் என்ற தரகு நிறுவனமும் 1992-ல் தங்களுக்குள் போனில் ஆர்டர் சொல்வதற்குப் பதிலாக இதை உருவாக்கின. பெரிய நிறுவனங்களின் ஆர்டர்கள் தரகரிடம் பெரும்பாலும் இந்த மொழியில்தான் வருகின்றன. நம் தேசியப் பங்குச் சந்தைக்குச் சொந்தமான செய்தி வடிவம் தனியாக உண்டு. மொழி வேறாக இருந்தாலும் கருத்து ஒன்றுதான். ஃபிக்ஸைப் புரிந்து கொண்டால் மற்றதும் புரிந்து விடும்.

கேன்சல் என்பது கட்டளை அல்ல, விண்ணப்பம்

ஃபிக்ஸ் செய்தி பல விவரங்களால் ஆனது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண். அதை 'டேக்' என்பார்கள். 35 என்ற டேக் இது என்ன வகைச் செய்தி என்று சொல்லும். 38 என்றால் எத்தனை பங்கு. 44 என்றால் என்ன விலை. 11 என்றால் ஆர்டர் போடுபவர் தன் ஆர்டருக்குக் கொடுக்கும் எண்.

கேன்சல் செய்ய 35-க்கு எதிரே 'எஃப்' என்ற எழுத்து வரும். ஆர்டரை மாற்ற 'ஜி' என்ற எழுத்து வரும். இரண்டின் பெயரிலும் 'ரிக்வெஸ்ட்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். கோரிக்கை! அதை ஏற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது மறுமுனை.

கோரிக்கை போனதும் மூன்று விதமான பதில் வரலாம்.

1. 'கிடைத்தது, பார்க்கிறேன்.' இதற்கு 'பெண்டிங் கேன்சல்' என்று பெயர். 39 என்ற டேகில் 6 என்று வரும். ஆர்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது!

2. 'ரத்தாகி விட்டது.' 39-ல் 4 என்று வரும். இதுதான் உண்மையான ரத்து.

3. 'முடியாது.' இது 35=9 என்ற தனிச் செய்தி. காரணம் 102 என்ற டேகில் இருக்கும். அதில் 0 என்றால் 'காலம் கடந்து விட்டது' என்று அர்த்தம். உங்கள் கோரிக்கை வந்து சேர்வதற்குள் வியாபாரம் முடிந்து விட்டது.

மாமா திரையில் பார்த்தது முதல் நிலை. இரண்டாவது பதில் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரை ஆஃப் செய்து விட்டார். அவர் யோசித்துக் கொண்டிருந்த நேரத்திலேயே 140 பங்குகளுக்கு விற்பவர் கிடைத்து விட்டார். ரத்தானது மீதி 60 மட்டும்தான்.

மாமாவுக்குப் புரியும்படி இப்படிச் சொன்னேன்: "மாமா, தறியில பாவு ஓடிட்டிருக்கு. பாதி சேலை நெஞ்ச பிறகு ஊடை நிறத்தை மாத்தச் சொல்றீங்க. இனிமே நெய்யப் போறதுக்குத்தான் புது நிறம் வரும். நெஞ்சது நெஞ்சதுதானே?" இதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் "அப்ப அந்தத் திரையில 'இன்னும் ரத்தாகல, காத்திரு'ன்னு தமிழ்ல போட்டிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திரையை வடிவமைக்கும் எங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

மறுநாள் அந்தப் பங்குகளைச் சிறு நஷ்டத்தில் விற்றார். ஆனாலும் நூல்காரரிடம் சொன்ன நாளில் முழுப் பணத்தையும் கொடுக்க முடியவில்லை. ஆரணியில் வாக்குத் தவறினால் அடுத்த முறை கடனுக்கு நூல் கிடைப்பது சிரமம். மாமாவுக்கு அந்த வருத்தம்தான் பெரிது.

முடிந்த வியாபாரத்தைத் திருத்துவது எப்படி?

இதுவரை பார்த்தது நிலுவையில் உள்ள ஆர்டரை ரத்து செய்வது. வியாபாரம் முடிந்த பிறகு அதில் தவறு தெரிந்தால்? அதற்கும் செய்தி உண்டு. ஆனால் அதை நீங்கள் அனுப்ப முடியாது. வியாபாரத்தை நடத்திய பக்கம்தான் அனுப்பும்.

நம் பட்டுக் கணக்கு நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கூலியைத் தவறாக எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டோம். 'முன் எழுதிய இன்ன வரிக்குத் திருத்தம்' என்று கீழே புதிய வரி எழுதுவோம். ஃபிக்ஸும் இதையேதான் செய்கிறது. எந்தச் செய்தியும் அழிக்கப்படுவதில்லை. பழைய செய்தியைச் சுட்டிக்காட்டிப் புதிய செய்தி வருகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 100 பங்கு வாங்க ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். கீழே உள்ளவை ஃபிக்ஸ் 4.2 பதிப்பின்படி வரும் செய்திகளின் முக்கியப் பகுதிகள் மட்டும்.

35=8 | 17=5001 | 20=0 | 32=60 | 31=412.00 | 14=60 | 6=412.00

35=8 | 17=5002 | 20=0 | 32=40 | 31=411.50 | 14=100 | 6=411.80

35=8 என்றால் 'ஆர்டர் நிலவரம்'. 17 என்பது இந்தச் செய்தியின் எண். 32 இப்போது கிடைத்த பங்கு, 31 அதன் விலை. 14 இதுவரை கிடைத்த மொத்தம், 6 சராசரி விலை. முதலில் 60 பங்கு, பிறகு 40 பங்கு கிடைத்திருக்கிறது. 20=0 என்றால் இது புதிய தகவல்.

இப்போது இரண்டாவது வியாபாரத்தின் விலை 411.50 அல்ல, 411.00 என்று தெரிய வருகிறது. உடனே வரும் செய்தி:

35=8 | 17=5003 | 20=2 | 19=5002 | 32=40 | 31=411.00 | 14=100 | 6=411.60

20=2 என்றால் 'திருத்தம்'. எதற்குத் திருத்தம்? 19 என்ற டேகில் 5002 என்று இருக்கிறது பாருங்கள். அந்தச் செய்திக்கு. சராசரி விலை 411.80-லிருந்து 411.60 ஆகிவிட்டது.

அடுத்து, முதல் வியாபாரமே செல்லாது என்று முடிவாகிறது.

35=8 | 17=5004 | 20=1 | 19=5001 | 14=40 | 6=411.00

20=1 என்றால் 'வியாபாரம் ரத்து'. 60 பங்குகள் போய், கையில் 40 மட்டும். (4.3 பதிப்பிலிருந்து 20 என்ற டேக் நீக்கப்பட்டு, 150 என்ற டேகில் திருத்தத்துக்கு 'ஜி', ரத்துக்கு 'ஹெச்' என்று மாற்றினார்கள்.)

இதில் சாப்ட்வேர் எழுதுபவர் எங்கே கவனமாக இருக்க வேண்டும் தெரியுமா? மூன்றாவது செய்தியிலும் '40 பங்கு' என்றுதான் இருக்கிறது. 20 என்ற டேகைப் பார்க்காமல் புரோகிராம் அதையும் கூட்டிக் கொண்டால், உங்கள் திரையில் 140 பங்கு காட்டும். இருப்பதோ 100. நீங்கள் 140-ஐயும் விற்றால், கொடுக்க முடியாத 40 பங்குக்குச் சந்தை ஏலம் நடத்தி வாங்கி, அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டும். ஒரே ஓர் எண்ணைச் சரிபார்க்காததற்கு இத்தனை விலை!

ஏன் எளிதில் ரத்து செய்ய மாட்டார்கள்?

'தவறு என்று தெரிந்தால் ரத்து செய்து விட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். ஒவ்வொரு வியாபாரத்திலும் எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கிறார். உங்களிடம் வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்றிருப்பார். ஓர் இழையை இழுத்தால் எல்லாம் பிரிந்து வரும். மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2005 டிசம்பர் 8. டோக்கியோ பங்குச் சந்தையில் ஜே-காம் என்ற கம்பெனியின் பங்கு முதல் முறையாக வர்த்தகத்துக்கு வந்தது. மிசுஹோ என்ற தரகு நிறுவனத்தில் ஒருவர் '1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்கவும்' என்பதற்குப் பதிலாக '6,10,000 பங்குகளை 1 யென்னுக்கு விற்கவும்' என்று டைப் செய்து விட்டார். அந்தக் கம்பெனி வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே சுமார் 14,500தான்! மிசுஹோ பலமுறை கேன்சல் அனுப்பியது. சந்தையின் சாப்ட்வேரில் இருந்த ஒரு கோளாறால் கேன்சல் வேலை செய்யவில்லை. நஷ்டம் 4,000 கோடி யென்னைத் தாண்டியது. வழக்குப் போட்டு, 2009 டிசம்பரில் சந்தை 1,070 கோடி யென் தர வேண்டும் என்று டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2010 மே 6. அமெரிக்கச் சந்தைகள் சில நிமிடங்களில் சரிந்து மீண்டன. நல்ல கம்பெனிகளின் பங்குகள்கூட ஒரு சென்ட்டுக்குக் கைமாறின. சரிவுக்கு முந்தைய விலையிலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் விலகி நடந்த வியாபாரங்கள் ரத்து செய்யப்பட்டன. அப்படி ரத்தானவை 20,000-க்கும் அதிகம். மலிவாக வாங்கி உடனே லாபத்துக்கு விற்றவர்களில், வாங்கியது ரத்தாகி, விற்றது மட்டும் நின்று சிக்கிக் கொண்டவர்களும் உண்டு.

2012 அக்டோபர் 5. இது நம் நாட்டில். காலை 9.50 மணியளவில் தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி குறியீடு கண் இமைப்பதற்குள் 900 புள்ளிகள் விழுந்தது. எம்கே குளோபல் என்ற தரகு நிறுவனத்திலிருந்து ஒரு வாடிக்கையாளருக்காகத் தவறாகப் போடப்பட்ட 59 ஆர்டர்கள்தான் காரணம். 650 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் நடந்துவிட்டது. சந்தை சுமார் 15 நிமிடம் நின்றது. அந்த வியாபாரங்கள் ரத்து செய்யப்படவில்லை. சுமார் 50 கோடி ரூபாய் நஷ்டம் அந்த நிறுவனத்தின் மீதே விழுந்தது.

நம் நாட்டு விதி என்ன?

இதையெல்லாம் பார்த்த பிறகு, வியாபாரத்தை ரத்து செய்யக் கோருவது பற்றி 2015 ஜூலையில் செபி விதிகளை வகுத்தது. தரகர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வியாபாரம் நடந்த 30 நிமிடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விசேஷக் காரணம் இருந்தால் 60 நிமிடம் வரை சந்தை பரிசீலிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் வியாபார மதிப்பில் 5 சதவீதம். ஆனால் குறைந்தது 1 லட்சம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். மாமாவின் 43,400 ரூபாய்க்கு இந்தக் கதவு திறக்காது என்பது இப்போது புரிந்திருக்கும். சின்ன முதலீட்டாளர்களுக்கு முடிந்த வியாபாரம் முடிந்ததுதான்.

இன்னொரு திருத்தமும் உண்டு. தரகர் உங்கள் ஆர்டரை வேறொரு வாடிக்கையாளரின் குறியீட்டு எண்ணில் போட்டு விட்டால், உண்மையான தவறாக இருந்தால் மட்டும் அந்த எண்ணைத் திருத்தலாம். லாபத்தையும் நஷ்டத்தையும் இஷ்டப்படி மாற்றிவிட இதைச் சிலர் பயன்படுத்தக் கூடும் என்பதால், மற்ற திருத்தங்களுக்கு 2011 முதல் அபராதம் விதிக்கப்பட்டது. விலையையும் எண்ணிக்கையையும் இந்த வழியில் தொட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆர்டர் அனுப்பும் முன் எண்ணிக்கைக் கட்டத்தையும் விலைக் கட்டத்தையும் தனித்தனியாக ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். டோக்கியோவில் இரண்டும் இடம் மாறியதுதான் பிரச்சினை.

• எச்சரிக்கைப் பெட்டி வந்தால் படிக்காமல் 'ஓகே' கொடுக்காதீர்கள். மிசுஹோவின் திரையிலும் எச்சரிக்கை வந்தது.

• 'மார்க்கெட்' விலையில் ஆர்டர் போட்டால் கேன்சல் செய்ய நேரமே இருக்காது. பழகும் வரை 'லிமிட்' விலை கொடுத்தே போடுங்கள்.

• கேன்சல் கொடுத்த பிறகு ஆர்டர் புக்கைத் திறந்து 'கேன்சல்டு' என்று வரும் வரை காத்திருங்கள். அடுத்து டிரேடு புக்கையும் பாருங்கள். பாதி வாங்கியிருந்தால் அங்கேதான் தெரியும்.

• 'மாடிஃபை' செய்யும்போது விலையை மாற்றினாலோ எண்ணிக்கையைக் கூட்டினாலோ வரிசையில் உங்கள் இடம் பின்னுக்குப் போகும். எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் இடம் அப்படியே இருக்கும்.

• நெட் இணைப்பு பாதியில் அறுந்தால், ஆர்டர் போகவில்லை என்று நினைத்து மறுபடி போடாதீர்கள். உங்கள் லைன்தான் அறுந்தது. ஆர்டர் சந்தையில் இருக்கலாம். மறுபடி லாகின் செய்து ஆர்டர் புக்கைப் பாருங்கள். முடியாவிட்டால் தரகருக்குப் போன் செய்யுங்கள்.

• தரகர் 24 மணி நேரத்துக்குள் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து பாருங்கள். ஆர்டர் எண், வியாபார எண், நேரம் எல்லாம் அதில் இருக்கும். சந்தையிலிருந்து வரும் குறுஞ்செய்தியோடு ஒப்பிடுங்கள். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலை நாளிலேயே கணக்குத் தீர்க்கப்படுவதால், தவறைக் கேட்க உங்களுக்கு இருக்கும் நேரம் குறைவு.

• வித்தியாசம் இருந்தால் முதலில் தரகருக்கு எழுத்து மூலமாக, அந்த எண்களைக் குறிப்பிட்டுப் புகார் செய்யுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு சின்னப் பயிற்சி. உங்களிடம் பழைய கான்ட்ராக்ட் நோட் ஒன்று இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரே ஆர்டர் எண்ணுக்கு எத்தனை வியாபார எண்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒரே கிளிக்கில் வாங்கியதாக நினைத்தது, மூன்று நான்கு பேரிடம் துண்டு துண்டாக வாங்கியதாக இருக்கலாம். அதைப் பார்த்து விட்டால், கேன்சல் ஏன் சில சமயம் பாதிக்கு மட்டும் வேலை செய்கிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.